கம்பி வழியே வருகிற வேகம்

(தோட்டத்து வாசிகசாலையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தொலைபேசிக் கம்பி வேலையாளர் ஒருவர் பேசியது. பெரும்பாலும் அவர் பேசியபடியே தருகிறோம்.)



என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த வாசிகசாலையில் போட்டிருக்கிற இன்டர்நெட் ஊர்ந்து ஊர்ந்து வருகிறது. பின்னேரம் பிள்ளைகள் சாதாரண தர வகுப்பைப் பார்க்க உட்கார்ந்தால் ஆசிரியரின் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. சத்தம் வந்தால் படம் நின்றுவிடுகிறது. 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. அந்தக் கஷ்டம் இனி வேண்டாம் என்றுதான் இந்தக் கம்பியை இங்கே இழுத்தீர்கள்.

இப்போது வீட்டுக்கு மாதம் 150 ரூபா கூடப் போட்டு, பெரிய பக்கேஜ் ஒன்றுக்கு மாறலாம் என்று சங்கத்தில் பேச்சு. இன்றைக்கே கையெழுத்து வைப்பதாகவும் இருந்தது. தலைவர்தான், "அண்ணே, ஒருக்கா வந்து பாத்திட்டுச் சொல்லுங்க, அப்புறமா வைக்கிறோம்" என்றார்.

நேற்றுப் பின்னேரமும் இன்று காலையும் வந்து பார்த்தேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காசைக் கட்டாதீங்க. கட்டினாலும் வேகம் கூடாது. நான் 31 வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். "16 மெகாபிட் வரை" என்று போட்டிருக்கும். அந்த "வரை" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 16 தருவோம் என்று அதில் எழுதவில்லை. 16க்கு மேல் தரமாட்டோம், அதற்குள் உங்கள் கம்பி எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவு என்றுதான் அதற்கு அர்த்தம். நேற்று ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தபோது நம்முடைய கம்பி எடுத்துக்கொண்டிருந்தது 2.1 மெகாபிட். 16ஐயே தாங்காத கம்பிக்கு அதைவிடப் பெரிய பக்கேஜ் போடுவது, பீலியில் தண்ணீர் நூலாக வரும்போது பெரிய வாளி வாங்கி வைப்பது மாதிரி.

சரி, கம்பி ஏன் தாங்கவில்லை?

வாசிகசாலைக்கு வருவது பழைய டெலிபோன் கம்பி. இரண்டு செப்பு இழைகளை ஒன்றோடொன்று முறுக்கி விட்டிருப்பார்கள். ஏன் முறுக்குகிறார்கள் தெரியுமா? வெளியிலிருந்து ஏதாவது இரைச்சல் விழுந்தால் இரண்டு இழைகளிலும் ஒரே அளவாக விழும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் போய்விடும், பேச்சு மட்டும் மிஞ்சும். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் 1881இலேயே இதற்கு உரிமை வாங்கி வைத்தார். இந்த முறுக்கை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு வருவேன்.

இந்தக் கம்பி போட்டது மனுஷன் பேசுவதற்கு. டெலிபோனில் பேச்சு போவது வினாடிக்கு 300 முதல் 3,400 அதிர்வு வரையுள்ள சத்தத்தில். அதற்கு மேலே அந்தக் கம்பி நூறு வருஷமாகச் சும்மா கிடந்தது. டிஎஸ்எல் என்கிறார்களே, அது அந்தச் சும்மா கிடந்த இடத்தைப் பயன்படுத்துகிற வேலை. ஏடிஎஸ்எல் என்ற வகையில் 25,000 அதிர்வுக்கு மேல் தொடங்கி 11 இலட்சம் வரை போகும். பிறகு 2003இல் வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ் 22 இலட்சம் வரை போகும். அதனால்தான் ஒரே கம்பியில் பேசிக்கொண்டே இன்டர்நெட்டும் பார்க்க முடிகிறது.

ஆனால் செப்புக்கு ஒரு குணம். கீழ்ச் சத்தத்தைத் தூரம் கொண்டு போகும். மேல்ச் சத்தத்தை வழியிலேயே விழுங்கிவிடும். மாசி மாதம் எதிர்மலையில் காமன் கூத்து நடக்கும்போது இங்கிருந்து கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? தப்பின் "தம் தம்" நன்றாகக் கேட்கும். பாட்டின் சொல் ஒன்றும் விளங்காது. கிட்டப் போனால் சொல்லும் கேட்கும், சலங்கையும் கேட்கும். கம்பியிலும் அதேதான். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குச் சலங்கை வரைக்கும் கேட்கும். தூரத்தில் இருக்கிற நமக்குத் தப்பு மட்டும்தான்.

எவ்வளவு குறையும் என்றால், 0.4 மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 13.8 டெசிபெல் என்று நாங்கள் கணக்குப் போடுவோம். டெசிபெல் என்பது கொஞ்சம் குழப்பமான கணக்கு. 10 டெசிபெல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு மிச்சம். 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. 4 கிலோமீற்றரில் 55 டெசிபெல் போய்விடுகிறது. அப்படியானால் அங்கே அனுப்பிய சக்தியில் மூன்று இலட்சத்தில் ஒரு பங்குதான் இங்கே வந்து சேருகிறது. அதுவும் நடுத்தரமான அதிர்வுக்கு. மேலே உள்ளவை வந்து சேருவதே இல்லை.

ரவுட்டர் இதை எப்படிச் சமாளிக்கிறது என்பது கெட்டிக்காரத்தனமான வேலை. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சியோஃபி என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் வளர்த்தெடுத்த முறை. கம்பியில் உள்ள இடத்தை ஒரே மலையாக எடுக்காமல் நிரை நிரையாகப் பிரிக்கிறார்கள். ஏடிஎஸ்எல்லில் 256 நிரை, 2 பிளஸ்ஸில் 512 நிரை. ரவுட்டரைப் போட்டதும் ஒவ்வொரு நிரையிலும் எக்ஸ்சேஞ்சும் இதுவும் பேசிப் பார்க்கின்றன. நல்ல நிரையில் ஒரு தடவைக்கு 15 பிட் வரை ஏற்றும். சுமாரான நிரையில் 4, 5. ஒன்றும் தேறாத நிரையை அப்படியே விட்டுவிடும். இப்படி வினாடிக்கு 4,000 தடவை. கொழுந்து இல்லாத நிரையில் ஆளைப் போட்டு என்ன பயன்? கங்காணிக்குத் தெரிந்தது இந்தப் பெட்டிக்கும் தெரியும்.

இப்போது தூரத்துக்குக் கணக்கு. கம்பி நல்லதாக இருந்தால், 2 பிளஸ் எக்ஸ்சேஞ்சின் வாசலில் 24 மெகாபிட் வரை போகும். 1 கிலோமீற்றரில் 20ஐச் சுற்றி வரும். 2 கிலோமீற்றரில் 15 போல. 3இல் 8 போல. 4இல் 4 அல்லது 5. அதற்கு மேல் போனால் 2, 1 என்று இறங்கும். விடிஎஸ்எல் என்று புதிய வகை ஒன்று இருக்கிறது, 100 மெகாபிட் வரை போகும் என்பார்கள். அது சில நூறு மீற்றருக்குள்தான். ஒன்றரைக் கிலோமீற்றர் தாண்டினால் பழையதுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"டவுன் இந்தா தெரியுதே, கூப்பிட்டா கேக்குமே" என்று நேற்று ஒரு தம்பி சொன்னார். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கம்பி வராது தம்பி. கம்பி றோட்டோடு வருகிறது. ஆற்றுப் பாலத்துக்கு இறங்கி, கோயில் வளைவுக்கு ஏறி, பங்களாவைச் சுற்றித்தான் இங்கே வருகிறது. ரவுட்டர் காட்டிய இழப்பு 53 டெசிபெல். 13.8ஆல் பிரித்துப் பாருங்கள், 4 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. கம்பங்களை எண்ணிப் பார்த்தாலும் அதுதான் வருகிறது.

ஆக, நம் கம்பிக்கு இயற்கையாக உள்ள அளவு 4 மெகாபிட்டைச் சுற்றி. ஆனால் எடுத்துக்கொண்டிருந்தது 2.1. மிச்சப் பாதி எங்கே போனது? அதுதான் நம் கையில் இருக்கிற விஷயம். கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இந்தக் கட்டடத்துக்குள் கம்பி நுழைகிற இடத்திலிருந்து பின்பக்க அறைக்கு ஒரு நீட்டு வயர் போட்டிருக்கிறது. யாரோ நல்ல மனசோடு போட்டதுதான். ஆனால் அது முறுக்கில்லாத தட்டை வயர். முறுக்கைப் பற்றி முதலில் சொன்னேனே, அது இல்லாவிட்டால் அந்த வயர் ஏரியல் மாதிரி எல்லா இரைச்சலையும் இழுத்து உள்ளே விடும். அந்த வயர் இன்னொரு பக்கம் பழைய கூட்டுறவுக் கடைக்கும் போகிறது. கடை மூடிப் பல வருஷம். அங்கே போனே இல்லை. ஆனாலும் சிக்னல் அந்த வழியிலும் ஓடி, முட்டுச் சந்தில் மோதித் திரும்பி வந்து, நேரே வருகிற சிக்னலோடு கலக்கிறது. எதிரொலி கேட்கிற மலைச்சரிவில் நின்று பேசினால் சொல் குழம்பும் அல்லவா, அப்படி.

மூன்றாவது, மேசை மேலே இருக்கிற போனுக்குப் பில்டர் இல்லை. தீப்பெட்டி அளவு சின்னப் பெட்டி அது. பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரிக்கிற வேலை அதற்கு. அது இல்லாததால்தான் போன் மணி அடிக்கும் போதெல்லாம் வகுப்பு அறுந்து போயிருக்கிறது. "டீச்சர் கோபிச்சுக்கிட்டு வச்சிட்டாங்கன்னு நெனச்சோம்" என்று ஒரு பிள்ளை சொன்னது. பாவம்.

இன்று காலை அந்தத் தட்டை வயரைக் கழற்றினேன். கடைக்குப் போகும் கிளையைத் துண்டித்தேன். ரவுட்டரை முன்பக்கம், கம்பி நுழைகிற இடத்திலேயே வைத்து ஒரு பில்டரையும் மாட்டினேன். செலவு ஆயிரம் ரூபாவுக்குள். இப்போது ரவுட்டர் காட்டுவது 3.4 மெகாபிட். நேற்று 2.1. பக்கேஜை யாரும் மாற்றவில்லை.

இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. போனைக் காதில் வைத்துக் கேட்டேன், கரகர என்கிறது. மழை பெய்தால் கூடும் என்று சொன்னீர்கள். அப்படியானால் வழியில் எங்கோ ஒரு ஜொயின்ட்டில் தண்ணீர் புகுந்து பாசி பிடித்திருக்கிறது. என் யோசனைக்கு அது ஆற்றுப் பாலத்தடிக் கம்பமாக இருக்கும், மற்ற இடங்களைவிட அங்கேதான் ஈரம். ஒரு வேடிக்கை சொல்லவா? சில நேரம் இரண்டு இழையில் ஒன்று முற்றாக அறுந்து போன் செத்துக் கிடக்கும். இன்டர்நெட் மட்டும் நொண்டி நொண்டி வரும். மேல் அதிர்வுகள் அறுந்த இடத்தையும் தாண்டிக் கொஞ்சம் கசிந்து விடும். அதைப் பார்த்து "கம்பி நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பிப் போன ஆட்களும் உண்டு. நானும் ஒரு தடவை போயிருக்கிறேன்.

அந்த ஜொயின்ட்டை நாம் தொடக்கூடாது. கட்டடத்துக்குள்ளே உள்ள வயர் நம்முடையது, வெளியே உள்ளது கம்பனியுடையது. அதைவிட முக்கியம், தம்பிமாரே, அந்தக் கம்பத்துக்கு மேலாகக் கரண்ட் வயர் போகிறது. "நாங்களே ஏறிப் பார்க்கிறோம்" என்று ஒருவரும் ஏறக்கூடாது. என்னோடு வேலை செய்தவன் ஒருவன் ஈரக் கம்பத்தில் ஏறித் திரும்பி வரவில்லை. இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு அம்மா கேட்டார், "அங்கேருந்து இன்னும் பலமா அனுப்பினா என்னங்க?" நல்ல கேள்வி. சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் ஒரு நிரைக்கு ஒரு பிட்தான் கூடும். ஆனால் அதே கேபிளுக்குள் பக்கத்தில் படுத்திருக்கிற மற்ற கம்பிகளுக்கு இரைச்சல் இரண்டு மடங்காகிவிடும். ஒரு காம்பிராவில் ரேடியோவைக் கூட்டினால் பக்கத்துக் காம்பிராவும் கூட்டும், கடைசியில் லயத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. அதனால் இவ்வளவுக்கு மேல் சத்தம் போடக்கூடாது என்று உலகம் முழுக்க ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்துக் கம்பி இரைச்சல்தான் இன்னொன்றுக்கும் காரணம். படம் இறங்குவது ஒரு வேகம், நாம் அனுப்புவது அதைவிட மெதுவான வேகம். நம் ரவுட்டரில் ஏறுகிற வேகம் 640 கிலோபிட்தான். ஏன் இப்படிப் பாரபட்சம்? அமெரிக்காவில் பெல்கோர் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் ஜோசப் லெக்லைடர் என்ற பொறியியலாளர் இருந்தார். 1980களில் அவர் கண்டது இது: இரண்டு பக்கமும் ஒரே அளவு வேகமாக அனுப்பினால் கம்பிகள் ஒன்றையொன்று கெடுக்கும். வீட்டுக்கு வருவதற்குப் பெரிய பங்கும், வீட்டிலிருந்து போவதற்குச் சின்னப் பங்கும் கொடுத்தால் அந்தக் கெடுதி மிகவும் குறையும். ஏடிஎஸ்எல்லில் முதல் எழுத்தான "ஏ" அந்தச் சமனின்மையைத்தான் குறிக்கிறது. அந்தக் காலத்தில் வீட்டுக்காரன் படம் பார்ப்பான், அவன் அனுப்ப என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து அனுப்பும் காலம் வரும் என்று யாருக்குத் தெரியும்?

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு பிள்ளை பெரிய படங்களாகப் பத்துப் பக்கம் அனுப்பத் தொடங்கினால் அந்த 640 நிரம்பிவிடும். கீழே இறங்குவதற்கும் "கிடைத்தது, அடுத்ததை அனுப்பு" என்று மேலே ஒரு பதில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதில் வரிசையில் மாட்டிக்கொண்டால் எல்லோருடைய வகுப்பும் நின்றுவிடும். வீட்டுப்பாடத்தை வகுப்பு முடிந்த பிறகு அனுப்புங்கள்.

ஸ்டோரைப் பற்றியும் கேட்டார்கள். ஆமாம், பெரிய மோட்டர்கள் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் இரைச்சல் வரலாம். மலிவுச் சார்ஜர்கள், பழைய டியூப் லைட் கூட இரைச்சல் போடும். சந்தேகம் இருந்தால் பழைய மீடியம் வேவ் ரேடியோ ஒன்றை, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து ரவுட்டர் பக்கத்தில் பிடியுங்கள். எதைப் போட்டால் ரேடியோ இரைகிறதோ அதுதான் குற்றவாளி. இங்கே நான் பிடித்துப் பார்த்ததில் ஸ்டோர் குற்றவாளி இல்லை. நம் சாமி மேடையில் மின்னுகிற சின்ன லைட்டுக்குப் போட்ட அடப்டர்தான். மாற்றிவிடுங்கள், சாமி கோபிக்காது.

அப்புறம், 3.4 என்று ரவுட்டர் காட்டினால் கைக்கு வருவது 3ஐச் சுற்றித்தான். தகவலை 53 பைட் பொட்டலமாகக் கட்டுகிறார்கள், அதில் 5 பைட் விலாசத்துக்கே போகிறது. வேறு சில கழிவும் உண்டு. நிறுவையில் சாக்குக்குக் கழிப்பது மாதிரி. ஆனால் இந்தக் கழிவுக்குக் கணக்கு உண்டு, யாரும் கூடக் கழிக்க முடியாது. (சிரிப்பு) இன்னொன்று, மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 3 மெகாபிட்டில் 30 மெகாபைட் வினாத்தாள் புத்தகம் இறங்க 80 வினாடி ஆகும்.

குறை கம்பியிலா வேறெங்காவதா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ரவுட்டர் காட்டும் எண்ணை முதலில் பாருங்கள். பிறகு வைஃபை இல்லாமல், வயரைக் கணனியில் நேரே குத்தி வேகத்தை அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றானால் எல்லை கம்பிதான். வயரில் 3 வருகிறது, பின் அறையில் போனில் 1தான் வருகிறது என்றால் குற்றம் வைஃபையில். நடுவே தகரச் சுவர் இருக்கிறது, அதைத் தாண்டாது. ரவுட்டர் 3.4 காட்டுகிறது, பகலில் 3 வருகிறது, இரவு 8 மணிக்கு மட்டும் 1 என்றால், எக்ஸ்சேஞ்சிலிருந்து அப்பால் போகிற பாதையில் நெரிசல். அல்லது இங்கே யாரோ ஒருவர் படம் பார்க்கிறார். யார் என்று நான் கேட்கவில்லை. மாத அளவு முடிந்ததும் வேகத்தைக் குறைக்கிற பக்கேஜ்களும் உண்டு, அதையும் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக 3 மெகாபிட் நம் கையில் இருக்கிறது. ஒரு வீடியோ வகுப்புக்கு 1 மெகாபிட் போல வேண்டும். 12 பிள்ளைகள் 12 போனில் ஒரே வகுப்பைப் பார்த்தால் 12 மெகாபிட் கேட்கும், கிடைக்காது. அதே வகுப்பை ஒரு கணனியில் எடுத்து, இந்தப் பெரிய டீவியில் போட்டு 12 பேரும் பார்த்தால் 1 மெகாபிட் போதும். இன்னொரு வகுப்பை அடுத்த அறையிலும் போடலாம். பழைய வினாத்தாள்களை இரவில் ஒருமுறை இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொண்டால் ஆளுக்காள் இறக்கத் தேவையில்லை. நம் கம்பிக்கு இந்த ஒழுங்கு சரிப்பட்டு வரும்.

இதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் கம்பியையே மாற்ற வேண்டும். ஒளியிழை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், கண்ணாடி நூல். அதில் வெளிச்சம் போகிறது. செப்பில் கிலோமீற்றருக்கு 13.8 டெசிபெல் குறைகிறது என்றேன், கண்ணாடி நூலில் ஏறத்தாழ 0.35தான் குறையும். 20 கிலோமீற்றர் போனாலும் வேகம் அப்படியே இருக்கும். பக்கத்துக் கம்பி இரைச்சல் கிடையாது, மோட்டர் இரைச்சல் கிடையாது. டவுன் வரைக்கும் அது வந்துவிட்டது. நம் 4 கிலோமீற்றர்தான் மிச்சம். அது 150 ரூபாவால் வருகிற காரியம் இல்லை. நாமும், கீழ்ப் பிரிவும், பாடசாலையும் சேர்ந்து எழுதிக் கேட்க வேண்டும். எத்தனை வீடு காசு கட்டி எடுக்கத் தயார் என்று பெயர்ப் பட்டியலோடு கேட்டால், இல்லை என்று சொல்வது அவர்களுக்குக் கஷ்டம். அதுவரைக்கும் டவரிலிருந்து வருகிற 4ஜி பெட்டியை மேல்லயத்தில் வைத்துப் பார்க்கலாம், அங்கிருந்து டவர் நேராகத் தெரிகிறது. வாங்குவதற்கு முன் ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, இரவிலும் அளந்து பாருங்கள்.

(கூட்டத்தில் ஒரு தாய்: "அப்ப அந்தக் காசைச் சேக்க வேணாங்களா, ஐயா?")

சேருங்கள் அம்மா. 150 வேண்டாம், முடிந்ததைச் சேருங்கள். முதலில் நல்ல முறுக்கு வயர் கொஞ்சமும், இடி மின்னலுக்குக் கம்பியில் மாட்டுகிற காப்பு ஒன்றும் வாங்க வேண்டும். சித்திரையில் பின்னேரம் பின்னேரம் இடி விழுகிற இடம் இது, ஒரு ரவுட்டர் போனால் மூன்று மாதச் சந்தா போச்சு. இடி முழங்கினால் கரண்டையும் கழற்றுங்கள், டெலிபோன் வயரையும் கழற்றுங்கள். மற்ற நேரத்தில் சும்மா சும்மா நிறுத்திப் போடாதீர்கள். அடிக்கடி அறுந்தால் கம்பி சரியில்லை என்று நினைத்து எக்ஸ்சேஞ்சே வேகத்தைக் குறைத்துவிடுகிற இடங்களும் உண்டு.

முறைப்பாட்டுக் கடிதத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். "இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது" என்று எழுதினால் எங்கள் ஆட்கள் அதைக் கடைசியில் வைப்பார்கள், நானே வைத்திருக்கிறேன். இதில் இழப்பு 53, வேகம் 3.4, மழையில் கரகரப்பு, பாலத்தடிக் கம்பத்தைப் பார்க்கவும் என்று எழுதியிருக்கிறது. தலைவர் கையெழுத்து வைத்ததும் நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன். பேனை யாரிடம் இருக்கிறது?